ஊரைப் பிடித்த செல்ஃப் மோட்டார்

கருங்காலிப்பட்டியில் இன்றைக்கும் யாராவது நெடுநாள் கிடப்பில் போட்ட வேலையைத் திடீரென்று கையில் எடுத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் "என்ன, உலகம்மா சாவி போட்டுட்டாளா?" என்று கேட்பார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு இது விளங்காது. அவர்களுக்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகம்மாள் அந்த ஊரின் ஒரே வாடகைக் கார் டிரைவர். துபாய்க்குப் போன அண்ணன் விட்டுப்போன வெள்ளை அம்பாசடரில் கல்யாணப் பெண்களை மண்டபத்துக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கும், ஊர்த் தலைவர் தளவாயைத் துஷ்டி கேட்க அக்கம்பக்கத்துச் சாவு வீடுகளுக்கும் கொண்டுபோய் இறக்கிக் கூட்டிவருவாள். அவள் புருஷன் அணஞ்சபெருமாள் பஞ்சுமில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லைப் பூட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். அணைத்துக் காக்கிற பெருமாளின் பேர் அது. ஆனால் ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? "பேருக்கேத்தாப்ல அணைஞ்சே போயிட்டாரு" என்றார்கள். உலகம்மாள் தினமும் காலையில் அவர் முன்னால் நின்று, எந்திரிங்க, முகத்தையாவது கழுவுங்க, அந்தக் குழாயையாவது பாருங்க, ரோட்டு வரைக்குமாவது நடந்துட்டு வாங்க என்று ஆரம்பித்து, கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போவாள். அவர் தலையை ஆட்டுவார். நாற்காலியின் துணிதான் நைந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

அது பங்குனி மாசம். சங்கரன்கோவிலுக்கு ஒரு சவாரி இருந்தது. உலகம்மாள் காருக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எப்போதும் 'கிர்ர்' என்று ஒரு உறுமல் வரும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு பானெட்டுக்குள் 'டக்' என்று ஏதோ தட்டியது, அப்புறம் எஞ்சினைக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டார் 'சுய்ங்' என்று தன்பாட்டுக்குச் சுற்றியது, எஞ்சின் அசையவே இல்லை. இன்னொரு தரம் திருப்பினாள். வீட்டுக்குள்ளே அணஞ்சபெருமாள் இருமினார், ஒரு குலுக்குக் குலுங்கினார், மறுபடியும் குலுங்கினார், மூக்கு வழியாகக் கொஞ்சம் கறுத்த புகை விட்டார், எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்த வெளக்குமாத்த எங்க வச்ச?" என்று கேட்டார்.

உலகம்மாள் சாவியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"கதவுக்குப் பின்னால இருக்கு" என்றாள்.

அவர் வீட்டைக் கூட்டி, வாசலைக் கூட்டி, தெருவையும் மூலை வரைக்கும் கூட்டிவிட்டு, ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே, அவள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளச் சொல்லி ஸ்டார்ட் செய்தாள். சங்கரன்கோவில் போய்த் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை, பின்சீட்டில் இருந்தவர்கள் அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மெக்கானிக் பீர்முகம்மதுவின் ஒர்க்ஷாப்புக்குப் போனாள். பீர்முகம்மது கெட்டிக்காரர், ஆனால் எந்த வேலையையும் ஆரம்பிக்கமாட்டார். ஆரம்பித்தால் முடித்துவிடுவார், ஆரம்பிப்பதுதான் கஷ்டம். அவர் கொட்டகையில் காத்திருந்த வண்டிகளில் ஒரு ஜீப்பின் பானெட்டுக்குள்ளிருந்து முருங்கைக் கன்று ஒன்று முளைத்து, காய்க்கிற அளவுக்கு வந்திருந்தது.

"பாய், செல்ஃப் சுத்துது, ஆனா எஞ்சின எடுக்க மாட்டேங்குது" என்றாள்.

"பாத்துருவோம் யக்கா, நாளைக்கு" என்றார் பீர்முகம்மது, பழைய டயரின்மேல் சாய்ந்து கண்ணை மூடியபடி. "எங்க, ஒரு தடவ அடிங்க, சத்தத்தயாவது கேப்போம்."

அவள் அடித்தாள். பீர்முகம்மது இருமினார், குலுங்கினார், எழுந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராக முருங்கை ஜீப்புக்குப் போனார். உலகம்மாள் பின்னாலேயே ஓடி, "பாய், நம்ம வண்டிய மொதல்ல பாருங்க" என்றாள். "வந்த வரிசைப்படிதான் யக்கா. ஒங்க வண்டி கடைசி" என்றார் அவர், முருங்கையை வேரோடு பிடுங்கிக்கொண்டே. அவளுக்கு ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், கடைசி வண்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது. செல்ஃப் சரியாகிவிட்டால் வீட்டில் குழாய் ஒழுகாமல் இருக்குமா, யார் கண்டது?

அவள் காரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து டீக்கடையில் விஷயத்தைச் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. "அம்பாசடரா? அப்ப இருக்கும்" என்றார் ஒருவர். "டீசல் வண்டில்லா, இழுவ ஜாஸ்தி" என்றார் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது, ஏனென்றால் கருங்காலிப்பட்டியில் ஆரம்பிக்காமல் கிடந்த காரியங்களுக்குக் கணக்கில்லை. நூலகத் திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தையும் வராமல் இறங்கிய நாளிலிருந்து தொண்டையில் பேச்சு அடைத்துக் கிடந்த தளவாய் வந்தார். ஆலாபனையை எடுக்கப் போகும்போதெல்லாம் மூச்சு நின்றுவிடுகிற நாயனக்காரர் வந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு ஒரு பதில் சொல்லியறியாத மேலத்தெரு இசக்கியம்மாள், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். அடைகாக்கவும் மாட்டேன், முட்டையிடவும் மாட்டேன் என்று நின்ற ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பாதியில் நிறுத்திய வாய்க்கால் வேலையின் கூலியாட்களைக் கூட்டாகவே கொண்டுவந்து பானெட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

உலகம்மாள் சாவியைத் திருப்பினாள், எல்லாம் ஆரம்பித்தது. தளவாய் "பெரியோர்களே, தாய்மார்களே" என்று எடுத்தவர் மூச்சு விடாமல் பேசினார், பேசிக்கொண்டே வரிசையையும் ஒழுங்குபடுத்தினார்: "ஆகவே நாம் அனைவரும் கல்வி எனும் கண்ணைத் திறந்து, அந்தப் பச்சைச் சேலை கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அறியாமை எனும் இருளை அகற்றி, யார்ப்பா அது ஆட்டுக்குட்டிய வரிசையில விட்டது." இசக்கியம்மாள் வீட்டு வாசலை எட்டுமுன்பே மாமியாருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, சீர்வரிசையில் குறைந்த வெண்கலக் குத்துவிளக்கிலிருந்து நேற்றைய ரசம் வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரெண்டு நாள் கழித்து அந்த மாமியார் காரின் மறுபக்கமாகப் பம்மிப் பம்மி வந்து, "எனக்கும் ஒரு தடவ அடிச்சு விடு தாயி, என்னால அவளுக்கு ஈடு குடுக்க முடியல" என்றாள்.

ஊர் இதைச் சீக்கிரமே தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டது. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். கைக்குழந்தைகளுக்குச் செல்ஃப் அடிக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். பானெட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பேட்டரி இறங்கிவிடாமலிருக்க முறைபோட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார்கள், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்த உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவினார்கள். அந்தப் பேட்டரிக்குக் கிடைத்த பராமரிப்பு ஊரில் எந்த மாமனாருக்கும் கிடைத்ததில்லை. அவளுக்குச் சவாரி வந்தால் வரிசையில் நிற்பவர்கள் தள்ளிவிடுவார்கள், திரும்பி வந்ததும் மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

அணஞ்சபெருமாள் வீட்டில் வேலையெல்லாம் தீர்ந்ததும் கொல்லைப்புறத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தார்.

முதலில் உலகம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் நின்று "இவுக கெணறு வெட்டுதாக" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். சாப்பிடக்கூட மேலே வராமல் அவர் வெட்டியபோது, சோற்றை உருண்டையாகப் பிடித்து வாளியில் வைத்துக் கீழே இறக்கினாள். கடப்பாரை ஒரு கையிலும் உருண்டை ஒரு கையிலுமாக அவர் தின்றார். அவர் தூங்குகிற சத்தம் கேட்கவில்லை, வெட்டுகிற சத்தம் மட்டும் காலையிலும் மத்தியானத்திலும் கருக்கலிலும் கேட்டது. ஒருநாள் வாளியை மேலே இழுத்தபோது அதன் கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

அவள் கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். அவர் தோள் எலும்பு தனியாகத் தெரிந்தது.

"என்னங்க, போதும். நிறுத்துங்க."

"நிறுத்த முடியல உலகு" என்றார் அவர், வெட்டிக்கொண்டே. குரல் கிணற்றுக்குள்ளிருந்து சன்னமாக வந்தது. "நானா வெட்டல. உள்ள என்னத்தயோ புடிச்சு ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. நான் சும்மா கூடப் போய்க்கிட்டு இருக்கேன்."

உலகம்மாள் எழுந்து ஓடினாள். காரிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். வெட்டுகிற சத்தம் நிற்கவில்லை. சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள், நிற்கவில்லை. தெருவுக்கு வந்தபோதுதான் ஊரை அவள் சரியாகப் பார்த்தாள். தளவாய் தொண்டை கட்டிய குரலில், உதடு வெடித்து, "தாய்மார்களே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய்க்கால்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டி யாரோ ஒருவரின் பருத்திக்காட்டுக்குள் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நாயனக்காரரின் பெண்சாதி, ஊதியபடியே இருந்த அவர் கன்னத்துக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அழுதாள். கோழி இட்ட முட்டைகள் தெருவோரத்தில் உருண்டு கிடந்தன, எடுக்க ஆளில்லை. இசக்கியம்மாளும் அவள் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பழைய சண்டைகள் தீர்ந்துபோனதால் இன்னும் வராத சண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் செல்ஃப் பிடிக்காத நாலு பேரைத் தேடித் தள்ளச் சொல்லி, சாவியை மறுபடி அரிசியிலிருந்து எடுத்து, உலகம்மாள் ஒர்க்ஷாப்புக்கு விட்டாள்.

பீர்முகம்மது ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பாய், செல்ஃப மாத்தணும். இப்பவே."

"வரிசப்படிதான் யக்கா" என்றார் அவர். "எனக்கே மாத்தணும்போலத்தான் இருக்கு. கை நிக்க மாட்டேங்குது. அஞ்சு வேளைத் தொழுகைகூட ஸ்பானரோடயே ஆயிருச்சு."

"அப்ப எப்படின்னு சொல்லுங்க. நானே கழட்டுதேன்."

அவர் வேலையைச் செய்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"செல்ஃபுக்கு இருக்கது ஒரே வேலை யக்கா. சாவி போட்டதும் பேட்டரி கரண்டு வரும். மேல சின்னதா ஒரு டப்பா இருக்கும், சோலனாய்டும்பாங்க, அது ஒரு குட்டிப் பல்சக்கரத்த முன்னால தள்ளும். அது போயி எஞ்சினோட பெரிய சக்கரத்தப் புடிச்சு ஒரு சுத்து சுத்திவிடும். எஞ்சின் தன்னால ஓட ஆரம்பிச்சதும் இது பல்ல எடுத்துட்டு உள்ள வந்துரணும். அதான் மரியாத. வராம புடிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டும் நாசமாப் போவும்."

"நம்முது?"

"ஒங்களுது எஞ்சின விட்டுட்டு ஊரப் புடிச்சிருக்கு. புடிச்சது பல்ல எடுக்கல."

உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தாள். "மொதல்ல பேட்டரியில மைனஸ் ஒயரக் கழட்டுங்க, இல்லாட்டி பொறி பறந்துரும்" என்று டிராக்டருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கழட்டினாள். "நிக்குதா பாய்?" "இல்ல, இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்." காருக்கடியில் மல்லாந்து நகர்ந்துபோய், தடித்த ஒயரைக் கழட்டினாள், மெல்லிய ஒயரைக் கழட்டினாள். மேல் போல்டு கழன்றுவந்தது. கீழ் போல்டு துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, அது ஊறுகிற வரைக்கும் பொறுக்கமாட்டாமல், அந்த போல்டிடம் அவள் பேசினாள், தினமும் காலையில் சாய்வு நாற்காலிக்கு முன்னால் நின்று பேசியதுபோலவே, வா, வந்துரு, இப்ப வாரியா இல்லையா, ஒன்னால ஏன் முடியாது என்று. பேசப் பேச அது இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை. கடைசியில் வாயை மூடிக்கொண்டு, ஸ்பானரை அப்படியே விட்டுவிட்டு, முகத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். கொஞ்சம் கழித்து மண்ணெண்ணெய் இறங்கியதோ என்னவோ, மறுபடி பிடித்தபோது அது முனகிக்கொண்டு திரும்பியது.

செல்ஃப் மோட்டார் பிறந்த குழந்தையின் கனத்தோடு அவள் நெஞ்சின்மேல் வந்து இறங்கியது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். குட்டிப் பல்சக்கரம் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதுபோல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன் பற்களுக்கிடையில் இருந்தவை இரும்புத் தூள் அல்ல: நாயனத்தின் சீவாளித் துணுக்கு ஒன்று, ஒரு கோழி இறகு, தளவாயின் துண்டிலிருந்து கரைநூல், நரைத்ததும் நரைக்காததுமாகப் பெண்களின் தலைமுடி, எல்லாவற்றுக்கும் அடியில் மில் பஞ்சு. அவள் அதையெல்லாம் விரலாலேயே கிள்ளி எடுத்தாள். பஞ்சைக் கடைசியாக எடுத்தாள். சக்கரம் 'ளொக்' என்று உள்ளே போனது.

ஊர் நின்றது.

டிராக்டருக்கு அடியில் ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு வந்தது. தூரத்தில் தளவாயின் பேச்சு 'ஆக' என்ற சொல்லில் நின்றுபோனது. அவர் அந்த வாக்கியத்தை இன்றுவரைக்கும் முடிக்கவில்லை.

"பாய், வேற செல்ஃப் இருக்கா?"

"செவுத்துல தொங்குது பாருங்க, கார்பன், புஷ்ஷெல்லாம் புதுசு போட்டது" என்றார் பீர்முகம்மது, கண்ணை மூடிக்கொண்டே. "மாட்டித் தாரேன். நாளைக்கு."

அதையும் அவளே மாட்டினாள். கழட்டியதற்குத் தலைகீழாக, மைனஸ் ஒயரைக் கடைசியில். சாவியைத் திருப்பியபோது 'கிர்ர்' என்று ஒரே உறுமலில் எஞ்சின் பிடித்தது. பீர்முகம்மதுவிடம் ஒரு அசைவும் இல்லை, குறட்டை மட்டும் வந்தது. அப்படியே வீட்டுக்குப் பறந்தாள். அணஞ்சபெருமாள் கிணற்றின் அடியில் கடப்பாரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வாய்க்கால்காரர்கள் வந்து கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். அப்போதும் அவர் விழிக்கவில்லை. உலகம்மாள் அவர் கைகளுக்கு வேப்பெண்ணெய் போட்டுத் துணி சுற்றினாள்.

அவர் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் ஊர் ஒரு கூட்டம் போட்டது. "கேக்காம மாத்திட்டியே தங்கச்சி" என்றார் தளவாய், குரலே இல்லாமல்.

"மாத்திட்டேன் அண்ணாச்சி."

"பழச என்ன செய்யிறது?"

"நீங்களே வச்சுக்கோங்க."

அவர்கள் அதைக் கோயிலுக்கு முன்னால் வைத்து, ஒயர் கொடுத்து, பயபக்தியோடு சுற்றவிட்டுப் பார்த்தார்கள். அது எல்லாச் செல்ஃப் மோட்டார்களையும்போலச் சுற்றியது, ஒயரை எடுத்ததும் நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. பிறகு டீக்கடைக்காரர் தன் தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆரம்பித்தவற்றில் பலதும் அன்றோடு சரி. வாய்க்கால் பருத்திக்காட்டிலேயே நின்றது. டிராக்டர் இன்னும் கொட்டகையில் இருக்கிறது, அதற்குள் இப்போது பீர்க்கங்கொடி. ஆனால் நாயனக்காரர் ஒரு வாரம் கஞ்சி குடித்துக் கன்னம் தேறியதும், யாரும் கேட்காத ஒரு மத்தியானத்தில், தானாகவே ஆலாபனையை எடுத்தார். இசக்கியம்மாளும் மாமியாரும் ஒருவர் குரல் இல்லாமல் ஒருவருக்குச் சோறு இறங்காமல் போய், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே மூன்றாம் வீட்டுக்காரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு எஞ்சின் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்பது செல்ஃபைக் கழட்டிய பிறகுதான் தெரிந்தது.

அணஞ்சபெருமாள் விழித்தார், குளித்தார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்திருந்தார், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு காலையிலும் எந்திரிங்க என்ற சொல் உலகம்மாளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒவ்வொரு காலையிலும் அவர் கையில் சுற்றிய துணியைப் பார்த்து அந்தச் சொல்லை விழுங்கினாள். அது சாதாரண வேலையில்லை. துருப்பிடித்த போல்டைக் கழட்டுவதைவிடக் கஷ்டம்.

சித்திரையில் ஒருநாள் பெண்ணழைப்புச் சவாரி வந்தது. "போயிட்டு வாரேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தி, காரை எடுத்துத் தெருமுனை வரைக்கும் வாயைத் திறக்காமல் ஓட்டினாள். பின்சீட்டில் பெண் அழுதுகொண்டு வந்தாள், முன்சீட்டில் இவளும் சேர்ந்து அழுதாள், வீடியோக்காரர் இருவரையும் எடுத்தார்.

வெயில் தாழ்ந்து திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. கொல்லைப்புறத்திலிருந்து மண் விழுகிற சத்தம் வந்தது. உலகம்மாளுக்கு உயிர் போய்விட்டது. செருப்பைக்கூட விடாமல் வீட்டுக்குள் புகுந்து ஓடினாள்.

அணஞ்சபெருமாள் கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி மண், ஒரு சொம்புத் தண்ணீர், பாதி தின்ற முறுக்கு. அவர் வாளியைப் பின்னாலிருந்த மண்மேட்டில் சாய்த்தார், துண்டால் கழுத்தைத் துடைத்தார், முறுக்கில் ஒரு கடி கடித்தார், தெருவில் போகிற ஐஸ் வண்டியின் மணியைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

அவள் மூச்சு வாங்க நின்றாள். கேட்கப் பயமாக இருந்தது.

"என்ன செய்யுதீக?"

"காலைல ஒரு வாளி எடுத்தேன். அப்புறம் படுத்தேன். இப்ப ஒரு வாளி."

"தண்ணி வருமா?"

"ஈரம் இருக்கு. கல்லும் இருக்கு. பாப்போம்." நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் கல்யாண வீட்டுப் பட்டுச் சேலையோடு மண்மேல் உட்கார்ந்தாள். மீதி முறுக்கை உடைத்து அவளிடம் நீட்டிவிட்டு, அவர் கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாத்தினார், கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இன்னைக்கு இது போதும்" என்றார். "நாளைக்கு லீவு."

உலகம்மாள் முறுக்கை வாயருகே கொண்டுபோனவள் கையைக் கீழே இறக்கினாள். வேலைக்குப் போகிறவனுக்குத்தான் லீவு. மில்லைப் பூட்டியதிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்டதில்லை.

"எடுத்துக்கோங்க" என்றாள் அவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. "நல்லா எடுத்துக்கோங்க."